வெப்பக் காற்று பலூன்: டிக்கெட் எடுக்கும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: ஈ.சி.ஆர். பக்கம் கயிற்றில் கட்டி ஏற்றும் பலூன் சவாரிக்குப் போக நினைக்கிறோம். கயிறு இருப்பதால் ஆபத்தே இல்லை என்கிறார்கள். 5 வயதுப் பையனையும், முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட அம்மாவையும் ஏற்றலாமா? (வேளச்சேரி வாசகி)

பதில்: இருவரையும் கீழேயே நிறுத்திவிடுங்கள். பிரம்புக் கூடைக்குப் பெரும்பாலும் கதவு இருக்காது. பக்கவாட்டுத் துளையில் கால் வைத்து ஏறி உள்ளே குதிக்க வேண்டும். சுவர் பெரியவர்களின் மார்பளவு இருக்கும். பையனைத் தூக்கி வைத்துக்கொண்டால், கூடை தரையில் இடிக்கும்போது பிடித்துக்கொள்ள உங்களுக்குக் கை இருக்காது. அந்த இடி நேராகக் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும்தான் போகும்.

கயிறு பலூனை விலகிப் போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். காற்றை அது தடுக்காது. சுதந்திரமாகப் பறக்கும் பலூன் காற்றோடு சேர்ந்தே நகர்வதால் உள்ளே இருப்பவருக்குக் காற்றே தெரியாது. கட்டிய பலூனின் விலாவிலோ காற்று முழுதாக அறைகிறது. துணி ஒரு பக்கம் குழிந்து, சூடான காற்று வாய் வழியே வெளியேறி, பலூன் சாய்ந்துவிடும். அப்போது காற்றைச் சூடாக்கும் காஸ் அடுப்பு (பர்னர்) எரிந்தால் தீ துணியிலேயே படலாம். சென்னைக் கடற்கரையில் வெயில் ஏற ஏறக் கடற்காற்று கிளம்பும் என்பதால், விடிந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரமே நல்ல நேரம். மாலைச் சவாரி என்றால் காற்று அடங்கும்வரை காத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

மைதானத்தில் இன்னும் சில விஷயங்களைக் கவனியுங்கள். கயிறுகள் குறைந்தது மூன்று திசைகளில் கனமான வண்டிகளில் கட்டப்பட்டிருக்க வேண்டும். கயிற்று வட்டத்துக்குள் கூட்டத்தை விடக் கூடாது. கூடைக்குள் தீயணைப்புக் கருவி இருக்க வேண்டும். பலூனில் பதிவு எழுத்துகள் இருக்க வேண்டும்: இந்தியப் பதிவு என்றால் 'VT' என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். பலூனுக்குக் காற்றடிக்கும் பெரிய விசிறியின் அருகே துப்பட்டாவும் புடவைத் தலைப்பும் பறக்க விடாதீர்கள். பருத்தி உடையும் மூடிய ஷூவும் நல்லது.

கேள்வி: பெரிய பலூன் விபத்துகள் எதனால் நடக்கின்றன? பயணி செய்யக்கூடியது ஏதாவது உண்டா? (அம்பத்தூர் வாசகர்)

பதில்: அதிக உயிர்களைப் பறித்தவை இரண்டு: மின்கம்பி, தீ. 2012 ஜனவரியில் நியூசிலாந்தின் கார்ட்டர்ட்டனில் 11 பேரும், 2016 ஜூலையில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் லாக்ஹார்ட்டில் 16 பேரும் இறந்தது பலூன் மின்கம்பியில் மோதியதால். கார்ட்டர்ட்டன் பைலட்டின் உடலில் கஞ்சாவும், லாக்ஹார்ட் பைலட்டின் உடலில் பறப்பவர் எடுத்துக்கொள்ளக் கூடாத மருந்துகளும் இருந்தன. பைலட்டைப் பற்றி விசாரிப்பதை யாரும் அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைக்க வேண்டாம். அது உங்கள் உரிமை.

2013 பிப்ரவரியில் எகிப்தின் லக்சரில் தரையிறங்கும் நேரத்தில் தீப்பிடித்து, கூடையில் இருந்த 21 பேரில் 19 பேர் இறந்தனர். 2025 ஜூனில் பிரேசிலின் பிராயா கிராண்டேயில் 21 பேருடன் சென்ற பலூன் கூடையில் தீப்பிடித்தது. தரையை நெருங்கியதும் 13 பேர் குதித்துத் தப்பினர். 8 பேர் இறந்தனர். இரண்டு விபத்திலும் கொடுமையானது ஒன்றுதான்: சிலர் வெளியேறியதும் எடை குறைந்து, மீதிப் பேரோடு பலூன் மறுபடி மேலே எழுந்தது.

தரை தொட்ட பிறகும் பைலட் சொல்லாமல் ஒருவர்கூட இறங்கக் கூடாது என்ற விதி இதற்காகத்தான். அன்றாடம் நடப்பவை சிறு காயங்கள், கணுக்கால் முறிவுகள். இறங்கும்போது பலூன் போகும் திசைக்கு முதுகைக் காட்டி, முழங்காலை மடக்கி, கூடையின் உட்புறக் கயிற்றுப் பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள குழாயையோ சிலிண்டரையோ பிடிக்காதீர்கள். கை, போன் எதுவும் கூடைக்கு வெளியே நீட்டப்படக் கூடாது. கூடை கவிழ்ந்து சிறிது தூரம் இழுபட்டாலும் உள்ளேயே இருங்கள். ஏறும் முன்பே இதைச் செய்து காட்டாத பைலட்டோடு ஏறாதீர்கள். காஸ் வாடை வந்தாலோ, குழாயில் இடைவிடாமல் 'உஸ்' சத்தம் கேட்டாலோ உடனே சொல்லுங்கள்.

கேள்வி: தி.நகர் ஏஜென்ட் மூலம் துருக்கி டூர். கப்படோக்கியா பலூனுக்குத் தனிக்கட்டணம் வாங்கிவிட்டு, வானிலையால் ரத்தானால் பணம் திரும்பாது என்கிறார். (குரோம்பேட்டை வாசகர்)

பதில்: அங்கே காலையில் பறக்கலாமா என்று தீர்மானிப்பது அந்நாட்டு விமானப் போக்குவரத்துத் துறை. ஆகவே ரத்து சகஜம். பலூனை டூரின் கடைசி நாளில் வைக்காமல் முதல் காலையில் வைக்கச் சொல்லுங்கள், மாற்று நாள் கிடைக்கும். ரத்தானால் முழுப் பணம் அல்லது மாற்று நாள் என்று ரசீதிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதி வாங்குங்கள். பறக்காத பலூனுக்குப் பணத்தை நிறுத்திக்கொள்வதை நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று கேட்கலாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள், அதில் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையங்களுக்கான ஈ-ஜாக்ரிதி இணையதளத்தில் 2 ஆண்டுகளுக்குள் மனு செய்யுங்கள். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம்.

'எது நடந்தாலும் என் பொறுப்பு' என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டாலும், அவர்களுடைய அலட்சியத்துக்கு நஷ்டஈடு கேட்கும் வழி அதனாலேயே அடைபடாது. படிவத்தைப் படம் எடுத்து வையுங்கள். விபத்துக் காப்பீட்டையும் எடுத்துப் பாருங்கள்: பல பாலிசிகள் சாகசப் பயணத்தையும், வழக்கமான பயணிகள் விமானம் அல்லாத பறத்தலையும் விலக்கி வைக்கின்றன. பலூன் அதில் சேருமா என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதில் வந்த பிறகு முன்பணம் கட்டுங்கள்.