மருத்துவர் பதில்: தண்டுவடக் காயமும் மலம் கழித்தலும்

கேள்வி: என் கணவருக்கு வயது 34. எட்டு மாதங்களுக்கு முன் தென்னை மரத்திலிருந்து விழுந்ததில் தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் போய்விட்டன. டி-10 (நெஞ்சுப் பகுதி முதுகெலும்பில் மேலிருந்து பத்தாவது) என்ற இடத்தில் காயம் என்கிறது அறிக்கை. நான்கைந்து நாட்கள் மலமே போகாது. பிறகு சக்கர நாற்காலியில் இருக்கும்போதே அவர் அறியாமல் தண்ணீராகக் கசிகிறது. அந்தப் பயத்தில், வெளியே கிளம்பும் நாட்களில் பட்டினி கிடக்கிறார். பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுக்கலாமா?
– வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: கொடுக்காதீர்கள், சகோதரி. பல நாள் தேங்கிக் கெட்டிப்பட்ட மலம் குடலை அடைத்திருக்க, மேலேயுள்ள நீர்த்த மலம் அதன் ஓரமாக வழிவதுதான் பெரும்பாலும் இப்படிப் பேதிபோலத் தோன்றும். நிறுத்தும் மாத்திரை அடைப்பை மேலும் இறுக்கிவிடும். முதலில் மருத்துவரிடம் காட்டி, அடைப்பு இருந்தால் நீக்கிவிடுங்கள்.

மலக்குடலை இயக்கும் நரம்பு மையம் தண்டுவடத்தின் அடிநுனியில் இருக்கிறது. டி-10 காயத்தில் அந்த மையம் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. மூளையின் கட்டளைதான் அதற்கு வந்து சேர்வதில்லை. ஆகவே வெளியிலிருந்து தூண்டினால் குடல் தானாகச் சுருங்கி மலத்தைத் தள்ளும். சாப்பிட்டவுடன் குடலின் அசைவு கூடுவதால், காலை உணவு முடிந்த அரை மணி நேரத்துக்குள், தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், அதே நேரத்தில் தொடங்குங்கள். ஆசனவாய் வழியாக வைக்கும் மாத்திரையை, மலத்துக்குள் புதைந்துவிடாமல் குடல் சுவரைத் தொடும்படி வைத்துவிட்டு, 15 முதல் 30 நிமிடங்கள் பொறுத்திருங்கள். பிறகு கையுறை அணிந்து, ஜெல்லி தடவிய விரலை மெதுவாக உள்ளே செலுத்தி, குடல் சுவரை ஒட்டி 15 முதல் 20 விநாடிகள் வட்டமாகச் சுழற்ற வேண்டும். ஐந்து, பத்து நிமிடம் விட்டு, மலம் வருவது நிற்கும்வரை இதைத் திரும்பச் செய்யலாம். நகம் ஒட்ட வெட்டியிருக்கட்டும். உணர்வில்லாத இடம் என்பதால் கீறினாலும் அவருக்குத் தெரியாது. கமோடு நாற்காலியில் மெத்தை இருப்பதும், ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காராதிருப்பதும் படுக்கைப்புண்ணைத் தவிர்க்க அவசியம்.

காயம் இன்னும் கீழே இருந்து குடல் தளர்ந்துபோனவர்களுக்கு இந்தத் தூண்டல் பலிக்காது. அவர்களுக்கு மலத்தை விரலால் எடுத்துவிட வேண்டியிருக்கும். டி-6 அல்லது அதற்கு மேல் காயமுள்ளவர்கள், இதைச் செய்யும்போது தலை விண்ணென்று தெறித்து முகம் வியர்த்தால், உடனே நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார வேண்டும். அது ஆபத்தான இரத்த அழுத்த உயர்வாக இருக்கலாம், மருத்துவ உதவி தேவை.

பட்டினி கிடப்பதை மட்டும் அவர் இன்றோடு விட்டுவிட வேண்டும், ஏனெனில் வயிறு காய்ந்தால் குடலின் அசைவு மந்தமாகி, கசிவுக்குக் காரணமான தேக்கமே கூடும். கீரையும் பழமும் தினம் இருக்கட்டும். தண்ணீரின் அளவை, சிறுநீர்க் குழாய் வைக்கும் நேரத்தோடு பொருத்தி மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். புதுப் பழக்கம் படிய வாரங்கள் ஆகும்; இரண்டு நாள் பலனில்லை என்று ஆசனவாய் மாத்திரையை மாற்றாதீர்கள்.

அவருடைய கைகளில் வலிமை குறையவில்லை என்பதால் இவற்றை அவரே செய்யப் பழகலாம். மறுவாழ்வு மருத்துவப் பிரிவில் செவிலியர் இதைக் கற்றுத்தரும்போது, நீங்கள் மட்டும் போய் நிற்காமல், அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.