மரபணு முடிவு வரும்வரை மலத்தைப் பாருங்கள்

கேள்வி: 4 மாதக் குழந்தைக்குப் பிறந்த முதல் வாரத்திலிருந்தே தண்ணீராகப் போகிறது. கிருமி இல்லை, பால் பவுடரை மாற்றியும் நிற்கவில்லை. நேராக மரபணுப் பரிசோதனைக்குப் போகலாமா?

பதில்: போகலாம்; குழந்தையின் ரத்தத்தோடு பெற்றோர் இருவரின் ரத்தத்தையும் இன்றே அனுப்புங்கள். ஆனால் முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இது எந்த வகை வயிற்றுப்போக்கு என்பதை மலமே ஓரிரு நாளில் காட்டிவிடும்.

மாதிரி எடுப்பதில்தான் பாதிப் பிழை நடக்கிறது. நீராகப் போகும் மலத்தை டயப்பர் உறிஞ்சிவிடும், பார்ப்பவர் சிறுநீர் என்று நினைத்துவிடுவார். சிறுநீரைத் தனியே பிடிக்கும் ஒட்டுப் பையை ஒட்டிவிட்டு, டயப்பரின் பிளாஸ்டிக் பக்கம் உடம்பில் படும்படி திருப்பிக் கட்டுங்கள். சிறுநீர் கலந்தால் கணக்கே தப்பு.

மலத்தில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு பார்க்கச் சொல்லுங்கள். முதல் இரண்டின் அளவையும் (லிட்டருக்கு மில்லிமோலில்) கூட்டி, இரட்டித்து, 290-இலிருந்து கழிக்க வேண்டும். மிச்சம் 100-க்கு மேல் என்றால், உறிஞ்சப்படாத உணவு நீரை இழுக்கிறது. 50-க்குக் கீழ் என்றால், குடலே உப்பையும் நீரையும் இழக்கிறது. சோடியம் 95, பொட்டாசியம் 35 என்றால் மிச்சம் 30.

அடுத்து, மருத்துவமனையில் டிரிப்ஸ் ஏற்றியபடி 24 மணி நேரம் வரை வாய்வழி உணவை நிறுத்திப் பார்ப்பார்கள். வீட்டில் ஒருபோதும் செய்யாதீர்கள். போக்கு நின்றால் குளுக்கோஸ்-கேலக்டோஸ் உறிஞ்சாமைதான், அதாவது இந்த இரு சர்க்கரைகளையும் குடல் உறிஞ்ச முடியாத பிறவிக் குறைதான், முதல் சந்தேகம். பால் சர்க்கரை இந்த இரண்டாகவே உடைவதால் தாய்ப்பாலும் ஒத்துக்கொள்ளாது. உப்புச் சர்க்கரைக் கரைசலில் இருப்பதும் குளுக்கோஸ் என்பதால், கொடுக்கக் கொடுக்கப் போக்கு கூடும். சர்க்கரையாக ஃபிரக்டோஸ் மட்டுமே உள்ள பால் பவுடருக்கு மாற்றினால் மலம் கட்டியாகும்.

நிற்காவிட்டால் மலத்தின் குளோரைடைப் பாருங்கள். சாதாரணப் பேதியில் ரத்தம் அமிலமாகும். குளோரைடு லிட்டருக்கு 90 மில்லிமோலுக்கு மேல் இருந்து, ரத்தம் காரமாகவும் இருந்தால் பிறவிக் குளோரைடு வயிற்றுப்போக்கு, அதாவது குடல் குளோரைடை உறிஞ்ச முடியாத மரபணுக் குறை. கர்ப்பத்தில் பனிக்குட நீர் அதிகம் என்றிருந்தார்களா? அதையும் சொல்லுங்கள்.

மலத்தில் சோடியம் அதிகம், ரத்தம் அமிலம் என்றால் எண்டோஸ்கோபி வழியே குடல் திசுப் பரிசோதனை தேவைப்படும். வழக்கமான சாயத்தில் குடல் விரல்கள் (உணவை உறிஞ்சும் நுண்ணிய நீட்சிகள்) தேய்ந்திருப்பது மட்டுமே தெரியலாம். குடல் செல்களின் குறிப்பிட்ட புரதங்களைக் காட்டும் சிடி10, எப்கேம் சாயங்களையும் முன்கூட்டியே கேளுங்கள். ஒரு துண்டை எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கென்று திசுவைப் பதப்படுத்தும் குளூட்டரால்டிஹைடில் தனியே போடச் சொல்லுங்கள்.

எக்சோம் பரிசோதனை (மரபணுக்களில் புரதத்துக்கான பகுதிகளை மட்டும் படிப்பது) சில மரபணு மாற்றங்களைத் தவறவிடும். மலக் குளோரைடு 120 என்று வந்துவிட்டால், அந்த அறிக்கை எப்படி இருந்தாலும் சோடியம், பொட்டாசியம் குளோரைடுகளை ஈடுகட்டும் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.