கேட்ச்-22க்கு எறும்பு பொருந்துமா?

கேள்வி: ஒரு தனியார் வங்கியின் ஊழியர் இதழைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு கட்டுரையில், முதன்முதலாகக் கடன் கேட்டு வருகிறவர்கள் 'கேட்ச்-22' நிலையில் மாட்டிக்கொள்கிறார்கள் என்று வருகிறது. கடன் வரலாறு இல்லாததால் கடன் கிடைக்கவில்லை, கடன் கிடைக்காததால் வரலாறு உருவாகவில்லை என்பது விளக்கம். 'இருதலைக்கொள்ளி எறும்பு' என்று போடலாமா? அதே கட்டுரை கிளை மேலாளர்களை 'பிட்வீன் எ ராக் அண்ட் எ ஹார்ட் பிளேஸ்' என்கிறது. இரண்டும் ஒன்றுதானா? – சேலம் வாசகி ஒருவர்.

முதல் வாக்கியத்துக்கு எறும்பைப் போடாதீர்கள். இரண்டாவதற்குத் தாராளமாகப் போடலாம். இரண்டும் ஒன்றல்ல.

இதில் நானும் சறுக்கியவன்தான். பல வருடங்களுக்கு முன் ஒரு காப்பீட்டு ஆவணத்தில் 'கேட்ச்-22' வந்த இடத்தில் எறும்பை இறக்கிவிட்டேன். சரிபார்த்தவர் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: "இங்கே தீ எங்கே இருக்கிறது?" அன்றைக்குக் கோபம் வந்தது. அப்புறம் யோசித்தால் அவர் கேட்டது நியாயம்.

எறும்பை முதலில் பார்த்துவிடலாம். அகநானூற்றின் 339ஆம் பாட்டில் பொருள் தேடிப் புறப்பட்ட தலைவன் பாதி வழியில் நின்று தன் நெஞ்சோடு பேசுகிறான். 'இருதலைக் கொள்ளி இடைநின்று வருந்தி, ஒருதலைப் படாஅ உறவி போன்றனம்' என்கிறான். உறவி என்றால் எறும்பு. ஒரு குச்சி இரண்டு முனையிலும் எரிகிறது, எறும்பு நடுவில் நிற்கிறது. எந்தப் பக்கம் போனாலும் சுடும். திருவாசகத்தில் மாணிக்கவாசகரும் 'இருதலைக் கொள்ளியின் உள்ளெறும்பு ஒத்து' என்று இதே படத்தைத்தான் எடுக்கிறார். கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எறும்புக்கு வழி இல்லாமல் இல்லை. இரண்டு வழி இருக்கிறது, இரண்டிலும் தீ.

கடன் கேட்டு வரும் உங்கள் வாடிக்கையாளருக்கு எந்தப் பக்கமும் சுடவில்லை. அவருக்குக் கதவே திறக்கவில்லை. பீரோ சாவியைப் பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை அது.

'கேட்ச்-22' பிறந்த இடத்துக்குப் போனால் இது இன்னும் தெளிவாகும். 1961இல் வெளிவந்த ஜோசப் ஹெல்லரின் நாவலின் பெயர் அது. ஹெல்லர் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப் படையில் குண்டு வீசுபவராக இருந்தவர். கோர்சிகா தீவிலிருந்து 60 முறை பறந்தவர். நாவல் இத்தாலியை ஒட்டிய பியானோசா தீவில் நடக்கிறது. இத்தனை முறை பறந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. வீரர்கள் அதை நெருங்கும்போதெல்லாம் மேலதிகாரி எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போகிறார். தப்பிக்க மிஞ்சுவது ஒரே வழி: புத்தி பேதலித்தவனைப் பறக்க விடக்கூடாது என்பது விதி. ஆனால் அவனே வந்து 'என்னை விட்டுவிடுங்கள்' என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டால், உயிருக்குப் பயப்படத் தெரிந்திருக்கிறது, அப்போது புத்தி நன்றாகத்தான் இருக்கிறது, போய்ப் பற! கேட்காமல் பறந்துகொண்டிருப்பவன் நிஜமாகவே பேதலித்தவன். அவன்தான் கேட்கவில்லையே, அவனும் பறக்கட்டும்.

'கேட்ச்' என்பது இங்கே பிடிப்பதல்ல. சலுகை தருவது போலத் தந்துவிட்டு உள்ளே மறைத்து வைத்த கொக்கி. 'அவர் சும்மா தரமாட்டாரே, இதில் ஏதோ கொக்கி இருக்கிறது' என்போமே, அந்தக் கொக்கி. 22க்கும் ஆழமான அர்த்தம் கிடையாது. 1955இல் முதல் அத்தியாயம் ஓர் இதழில் வந்தபோது அதன் பெயர் 'கேட்ச்-18'. நாவல் வெளிவர இருந்த அதே ஆண்டில் லியோன் யூரிஸின் 'மிலா 18' என்ற நாவலும் வரவே, இரண்டு 18 வேண்டாமென்று எண்ணை மாற்றினார்கள். ஆகவே '22ஆவது பிடி', '22ஆம் சட்டப்பிரிவு' என்றெல்லாம் தமிழாக்க முயலாதீர்கள்.

இனி இதற்குத் தமிழ். இருக்கிறது, அதுவும் அச்சு அசலாக: 'கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும்.' ஹெல்லருக்கும் நம் ஊர்க் கிழவிகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் இரண்டு பேரும் வட்டத்தின் நடுவே நிறுத்தியது ஒரு பைத்தியத்தை! இந்தப் பழமொழியை வைத்து யாருக்காவது கேட்ச்-22வை விளக்கினால் அரை நிமிடத்தில் புரிந்துகொள்வார்கள்.

ஆனால் உங்கள் வங்கி இதழில் அதைப் போட நான் சம்மதிக்க மாட்டேன். பேச்சில் சிரித்துக்கொண்டே சொல்வது வேறு. மனநலம் பற்றிய சொல்லைக் கடன் கேட்டு வந்த வாடிக்கையாளர் பக்கத்தில் அச்சில் வைப்பது வேறு. பழமொழியை விட்டுவிட்டு அதன் எலும்புக்கூட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 'ஆனால்தான்… தெளிந்தால்தான்' என்று இரண்டு பக்கமும் நிற்கிற 'தான்'தான் வேலை முழுவதையும் செய்கிறது:

'கடன் வாங்கினால்தான் வரலாறு உருவாகும். வரலாறு இருந்தால்தான் கடன் கிடைக்கும் என்ற சுழலில் அவர்கள் சிக்கிக்கொள்கிறார்கள்.'

இதில் 'கேட்ச்-22' இல்லை. தேவையும் இல்லை. மூலத்தில் மரபுத்தொடர் இருந்தால் தமிழிலும் மரபுத்தொடர் இருந்தே ஆக வேண்டும் என்று நினைத்துத்தான் நம்மில் பாதிப் பேர் எறும்பிடம் போகிறோம்.

அகராதியைப் புரட்டினால் கிடைக்கும் 'இக்கட்டு' தப்பில்லை, ஆனால் மொட்டை. என்ன மாதிரி இக்கட்டு என்பதை அது சொல்லாது. 'தர்மசங்கடம்' வேண்டாம். அது இரண்டு கடமைகள் மோதும்போது வருவது. இன்றைய பேச்சில், உறவினர் வீட்டில் பிடிக்காத பலகாரத்தை இரண்டாம் முறை பரிமாறும்போது வருவது.

கிளை மேலாளர் விஷயத்துக்கு வருகிறேன். 'ராக்'கும் 'ஹார்ட் பிளேஸ்'உம் அமெரிக்கச் சரக்கு. 1921இல் அங்கே வட்டார வழக்குகளைத் தொகுத்தவர்கள் இதைப் பதிவு செய்தபோது கொடுத்த பொருள் 'திவாலானவன்'. அரிசோனாவில் பணமுடைக் காலத்தில் புழங்கியதாகக் குறித்தார்கள். அதே அரிசோனாவில், பிஸ்பி என்ற ஊரில், 1917இல் வேலைநிறுத்தம் செய்த செப்புச் சுரங்கத் தொழிலாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை மாடு ஏற்றும் ரயில் பெட்டிகளில் ஏற்றி நியூ மெக்சிகோவில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். பாறையை உடைக்கும் வேலை ஒரு பக்கம், போக்கிடமில்லாத வறுமை மறுபக்கம், அதிலிருந்துதான் தொடர் பிறந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, சான்று இல்லை. இன்றைய பொருள், எதைத் தேர்ந்தாலும் அடி. 'பாறைக்கும் கடினமான இடத்துக்கும் நடுவே' என்று எழுதினால் மட்டும் தமிழ் வாசகருக்கு இடுக்கில் ஓணான்தான் நினைவுக்கு வரும்.

உங்கள் மேலாளர் யார் யாரிடம் அடி வாங்குகிறார் என்று பாருங்கள். இலக்கை எட்டச் சொல்லி மேலிடம் ஒரு பக்கம் விரட்டுகிறது, கடன் ஏன் தரவில்லை என்று வாடிக்கையாளர் மறுபக்கம் விரட்டுகிறார் என்றால் அவர் மத்தளம். இரண்டு பக்கமும் இடி. விதியை மீறிக் கடன் கொடுத்தால் தணிக்கையில் மாட்டுவார், கொடுக்காவிட்டால் இலக்குத் தவறும் என்றால் அவர்தான் நம் எறும்பு. கொடுத்துவிட்டார், இப்போது திருப்பி வாங்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை என்றால் புலிவால்.

நற்றிணை 284இல் இதற்குக் கிட்டத்தில் இன்னொரு படம் இருக்கிறது. வீட்டுக்குத் திரும்பு என்கிறது நெஞ்சு, எடுத்த வேலையை முடி என்கிறது அறிவு. இரண்டு யானைகள் பற்றி இழுக்கிற தேய்ந்த பழங்கயிறாக என் உடம்பு அற்றுப்போகுமோ என்கிறான் தலைவன். எழுதியவரின் இயற்பெயர் போய், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்ற பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது. கயிற்றின் இரண்டு முனையிலும் இருப்பது தீயல்ல, இரண்டுமே அவனுக்கு வேண்டியவை. ஊழியர் இதழில் என்றைக்காவது வீடு-வேலை பற்றிய கட்டுரை வந்தால் இதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். ஆங்கிலேயர்களும் அமெரிக்கர்களும்கூட எந்தச் சங்கடத்தையும் கேட்ச்-22 என்று சொல்லிவிடுவது உண்டு. அதனால் தொடரை நம்பாமல், அடுத்த வாக்கியத்தில் நிலைமையை எப்படி விவரித்திருக்கிறார்கள் என்று படியுங்கள். உங்கள் கட்டுரையாளர் சரியாகத்தான் பயன்படுத்தியிருக்கிறார். தலைப்பிலேயே அந்தச் சொல் வந்து, மாற்றக்கூடாது என்று வங்கி சொன்னால், 'கேட்ச்-22' என்றே தமிழ் எழுத்தில் வைத்துவிட்டு முதல் பத்தியில் மேலே கொடுத்த வாக்கியத்தைச் சேர்த்துவிடுங்கள்.