டொரொண்டோ பக்கம் குடிபோகிறீர்களா? சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களின் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கனடாவின் டொரொண்டோ வட்டாரத்தைப் பற்றியவை. கேட்ட எல்லோர் வீட்டிலும் கைக்குழந்தையோ பள்ளி சேரப்போகும் பிள்ளையோ இருக்கிறது. அதனால் ஊரின் பேரையும் புகழையும் ஒதுக்கிவைத்துவிட்டு, பிள்ளையின் நாளை வைத்தே பதில் சொல்லியிருக்கிறோம்.

கணவருக்கு யூனியன் ஸ்டேஷன் பக்கத்தில் வேலை. பையனுக்கு 5 வயது, பெண்ணுக்கு 2. எனக்கும் வேலைக்குப் போகும் எண்ணம் உண்டு. ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்ப்டன், மிசிசாகா என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எங்கே வீடு பார்க்கலாம்? (கோவை வாசகி)

மாலை 6 மணியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். டேகேர்கள் பெரும்பாலும் 6 மணிக்கு மூடிவிடும். தாமதமானால் நிமிடக் கணக்கில் பணம் கட்டவேண்டும். 5 மணிக்கு அலுவலகத்தை விட்டால் ரயிலடிக்கு நடக்க 10 நிமிடம், ரயிலில் 40, இறங்கிக் காரையோ பஸ்ஸையோ பிடித்து டேகேர் வாசலுக்குப் போக 15 என்றாலே ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது. ரயிலிலேயே ஒரு மணி நேரம் என்றால், தினமும் யாராவது ஒருவர் சீக்கிரம் கிளம்பியாக வேண்டும். நடைமுறையில் அது அம்மாவின் வேலையைத்தான் பாதிக்கிறது.

நகர மையத்திலுள்ள யூனியனில் வேலை என்றால் கோ (GO) எனும் புறநகர் ரயிலின் பாதையை வைத்துத் தேடுங்கள். லேக்‌ஷோர் கிழக்குப் பாதையில் ஸ்கார்பரோ, எக்ளிண்டன், கில்ட்வுட், ரூஜ் ஹில், அதன்பின் பிக்கரிங், ஏஜாக்ஸ், விட்பி. பகல் முழுவதும் வண்டி உண்டு. ஸ்டஃப்வில் பாதையில் அஜின்கோர்ட், மில்லிகன், யூனியன்வில், மார்க்கம், மவுண்ட் ஜாய். பிராம்ப்டனுக்குக் கிச்சனர் பாதை. மிசிசாகாவில்தான் கவனம் தேவை. போர்ட் கிரெடிட், கிளார்க்சன் பக்கம் லேக்‌ஷோர் மேற்குப் பாதை போகிறது, கவலையில்லை. குக்ஸ்வில், எரிண்டேல், ஸ்ட்ரீட்ஸ்வில் எல்லாம் மில்டன் பாதை. அதில் வார நாட்களில் காலையில் நகரத்துக்கும் மாலையில் திரும்பியும் மட்டுமே ரயில். பள்ளியிலிருந்து மதியம் ஒரு மணிக்கு "பையனுக்குக் காய்ச்சல், கூட்டிப் போங்கள்" என்று போன் வந்தால், வர ரயில் இருக்காது, பஸ்தான்.

ஸ்கார்பரோவில் "சப்வே பக்கத்தில்" என்று விளம்பரம் பார்த்தால் எந்த ஸ்டேஷன் என்று கேளுங்கள். பழைய மூன்றாம் வழித்தடம் 2023 ஜூலையில் ஒரு பெட்டி தடம்புரண்டதோடு நின்றுபோனது. இன்று இரண்டாம் வழித்தடம் கென்னடியோடு முடிகிறது, அதற்கப்பால் பஸ். லாரன்ஸ் கிழக்கு, ஸ்கார்பரோ சென்டர், ஷெப்பர்டு–மக்கவன் என மூன்று நிலையங்களோடு நீட்டிப்பு வேலை நடக்கிறது. வரப்போகிற ஸ்டேஷனுக்கு இன்றைக்கே கூடுதல் வாடகை கொடுக்காதீர்கள்.

உங்கள் நிலைமைக்கு எங்கள் தேர்வு அஜின்கோர்ட், மில்லிகன், எக்ளிண்டன், கில்ட்வுட் ஸ்டேஷன்களைச் சுற்றியுள்ள பகுதி. முதல் குளிர்காலத்தைக் கார் இல்லாமலே ஓட்டிவிட முடியும். 2024 பிப்ரவரியிலிருந்து உள்ளூர் பஸ்ஸில் ஏறிக் கோ ரயிலுக்கு மாறினால் பஸ்ஸுக்குத் தனிக் கட்டணம் இல்லை. 12 வயது வரை பிள்ளைகளுக்கு ரயில், பஸ் இரண்டுமே இலவசம்.

பிராம்ப்டனில் அதே வாடகைக்குப் பெரிய வீடு கிடைக்கலாம். ஆனால் கார் காப்பீடு அஞ்சல் குறியீட்டை வைத்து மாறும். டொரொண்டோ இருக்கும் ஒண்டாரியோ மாகாணத்திலேயே மிக அதிகமாகக் கேட்கும் ஊர்களில் அது ஒன்று. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே அந்த முகவரிக்குக் காப்பீட்டு விலை கேட்டு, வாடகையோடு கூட்டிப் பாருங்கள்.

சித்தப்பா வீடு ஸ்கார்பரோவில் இருக்கு. பேஸ்மென்ட்டில் இருக்கச் சொல்லுகினம். இரண்டு பிள்ளைகள், நாலும் ஒண்டரையும். போகலாமோ? (யாழ்ப்பாண வாசகர்)

முதல் இரண்டு, மூன்று மாதத்துக்குத் தாராளமாகப் போங்கள். சொந்தக்காரரின் பக்கபலம் அந்த நேரத்தில் பெரிய காரியம். ஒரு வருடம் என்றால் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

படுக்கையறை ஜன்னலைத் திறந்து பாருங்கள். ஒரு பெரியவர் அதன் வழியே வெளியேற முடியாவிட்டால் அங்கே பிள்ளைகளைப் படுக்க வைக்கக் கூடாது. புகை அலாரமும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் இருக்கிறதா என்று பட்டனை அமுக்கிச் சோதியுங்கள். சுவரின் அடிப்பகுதியில் வெள்ளை உப்புப் படிவு, கார்பெட் ஓரத்தில் ஈர வாடை இருந்தால் மார்ச், ஏப்ரலில் பனி உருகும்போது தண்ணீர் கசிகிற வீடு அது. சளி, இழுப்பு உள்ள பிள்ளைக்கு ஆகாது. சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட் பெரும்பாலும் மேல்மாடியில்தான் இருக்கும். மேலே இதமாக இருக்கும்போது கீழே நடுங்கும். இதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. வீட்டுக்காரரோடு சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்துகொண்டால், ஒண்டாரியோவின் குடியிருப்பு வாடகைச் சட்டம் உங்களைப் பாதுகாக்காது. நாளைக்கு மனத்தாங்கல் வந்தால் 60 நாள் நோட்டீஸ் போன்ற உரிமை எதுவும் கிடையாது. சொந்தம் என்றாலும் வாடகையை எழுத்தில் வாங்குங்கள். பள்ளியில் முகவரிச் சான்றாகவும் அது தேவைப்படும்.

பள்ளி ரேங்க் பட்டியலில் 9க்கு மேல் எடுத்த பள்ளிகளாகப் பார்த்து வீடு தேடுகிறோம். புதிதாகக் கட்டும் லேஅவுட்டில் நல்ல வீடு ஒன்று வருகிறது. மகள் 2022 நவம்பரில் பிறந்தவள். (சென்னை வாசகர்)

அந்தப் பட்டியல்கள் 3ஆம், 6ஆம் வகுப்பில் நடத்தப்படும் மாகாணத் தேர்வு மதிப்பெண்ணை அடிப்படையாகக் கொண்டவை. உங்கள் மகள் அந்தத் தேர்வை முதன்முதலில் எழுதவே ஐந்து வருடம் போல ஆகும். வீட்டில் ட்யூஷன் வைக்க வசதியுள்ள பெற்றோர் அதிகமாக இருக்கும் பகுதியில் மதிப்பெண் தானாகவே ஏறும். அந்த எண் ஆசிரியரைப் பற்றிச் சொல்வது கொஞ்சம்தான். நாலு வயதுப் பிள்ளைக்குப் பள்ளியின் தூரம்தான் முக்கியம்.

இங்கே பிறந்த வருடம்தான் கணக்கு. 2022இல் ஜனவரியில் பிறந்தாலும் நவம்பரில் பிறந்தாலும் 2026 செப்டம்பரில் ஜூனியர் கிண்டர்கார்டன். முழுநாள், கட்டணம் இல்லை. அந்தப் பள்ளி எது என்பதை வீட்டு முகவரி முடிவு செய்யும். பள்ளி வாரியத்தின் தளத்தில் முகவரியைத் தட்டினால் பெயர் வரும். கதவு எண்ணோடு தட்டுங்கள். தெருவின் ஒரு பக்கம் ஒரு பள்ளிக்கும் எதிர்ப்பக்கம் இன்னொன்றுக்கும் போவது சாதாரணம்.

புதிய லேஅவுட்டில்தான் பெரிய ஏமாற்றம். வீடுகள் முதலில் எழும்பும், பள்ளிக்கூடம் பின்னால் வரும். அதுவரை பிள்ளைகளை வேறொரு பள்ளிக்குப் பஸ்ஸில் அனுப்புவார்கள். அருகிலுள்ள பள்ளியில் இடமில்லாமல் போகலாம் என்று வாரியமே அந்த நிலத்தில் பலகை நட்டிருக்கும். விற்பனை அலுவலகத்தின் வண்ணப் படத்தில் "வருங்காலப் பள்ளி" என்று ஒரு பச்சைக் கட்டம் இருக்கும். அதை நம்பாமல் வாரியத்துக்குப் போன் போட்டு, "இந்த முகவரிப் பிள்ளைகள் இந்தச் செப்டம்பரில் எங்கே போகிறார்கள்?" என்று கேளுங்கள்.

தூரத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. டொரொண்டோ பொதுப் பள்ளி வாரியத்தில் 5ஆம் வகுப்பு வரை பள்ளி 1.6 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால்தான் பஸ். உங்கள் வீடு 1.4 கிலோமீட்டரில் இருந்தால் பஸ்ஸும் கிடையாது, நடக்கவும் தூரம். ஜனவரியில் பனிச்சேற்றில் ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு, நாலு வயதுப் பிள்ளையின் கையையும் பிடித்துக்கொண்டு 1.4 கிலோமீட்டர் என்றால் அரை மணி நேரத்துக்குக் குறையாது. 700 மீட்டருக்குள் பாருங்கள்.

கத்தோலிக்கப் பள்ளிகளும் அரசுப் பணத்தில் நடப்பவைதான். ஆனால் தொடக்கப் பள்ளியில் சேரப் பிள்ளையோ பெற்றோரில் ஒருவரோ கத்தோலிக்கர் என்பதற்குச் சான்று கேட்பார்கள்.

14 மாதக் குழந்தைக்கு டேகேர் நாளைக்கு 22 டாலர்தான் என்கிறார்களே, உண்மையா? (திருச்சி வாசகி)

2025 ஜனவரியிலிருந்து அதிகபட்சம் 22 டாலர் என்பது உண்மை. ஆனால் அரசுத் திட்டத்தில் சேர்ந்த, உரிமம் பெற்ற இடங்களில் மட்டும்தான். அங்கே இடம் கிடைப்பதுதான் கஷ்டம். 18 மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கு அதிகப் பணியாளர் தேவை என்பதால் அந்தப் பிரிவில் இடங்கள் மிகக் குறைவு. ஊரில் இருக்கும்போதே மூன்று, நான்கு இடங்களில் காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுங்கள். பெயர் பதிய இங்கே பணம் வாங்கக் கூடாது. கேட்டால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

இடம் கிடைக்கும்வரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் தமிழ் அம்மாக்களை நாடுவது வழக்கம். உரிமம் இல்லாதவர் 13 வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகளுக்கு மேல் பார்க்கக் கூடாது. போனதும் தலையை எண்ணுங்கள். எர்லிஆன் மையங்கள் என்று ஒன்று உண்டு. ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளோடு பெற்றோரும் போய் உட்கார்ந்து விளையாடலாம், இலவசம். தனியாக வீட்டில் அடைந்துகிடக்கும் அம்மாக்களுக்கு முதல் நட்பு பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கிறது.

பட்ஜெட் போடும்போது அரசு தரும் குழந்தைப் படியைக் கண்ணை மூடிச் சேர்க்காதீர்கள். பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) என்றால் வந்தவுடன் விண்ணப்பிக்கலாம். வேலை பெர்மிட்டில் வந்தவர்கள் 18 மாதம் கனடாவில் வசித்த பிறகுதான். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 2025–26இல் வருடத்துக்கு அதிகபட்சம் 7,997 டாலர், குடும்ப வருமானம் கூடக் கூடக் குறையும்.

தடுப்பூசி எல்லாம் ஊரிலேயே போட்டாயிற்று. பள்ளியில் அது போதுமா? (மதுரை வாசகர்)

பெரும்பாலும் போதாது. இந்திய அரசுத் திட்டத்தில் தட்டம்மை, ரூபெல்லாவுக்கு மட்டுமே ஊசி. பொன்னுக்குவீங்கியும் சின்னம்மையும் அதில் இல்லை. ஒண்டாரியோ பள்ளிகள் இரண்டையும் கேட்கின்றன. தனியார் டாக்டரிடம் எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த ஊசி) போட்டிருந்தாலும், முதல் பிறந்தநாளுக்கு முன் போட்டது இங்கே கணக்கில் வராது. 9ஆம் மாதத்தில் போட்டதைத் தள்ளிவிட்டு, அதன்பின் இரண்டு டோஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இலங்கையில் 9ஆம் மாதத்தில் போட்ட எம்.எம்.ஆருக்கும் இதே கதைதான். மூளைக்காய்ச்சலைத் தடுக்கும் மெனிங்கோகாக்கல் ஊசியும் வேண்டும்.

எம்.எம்.ஆரும் சின்னம்மை ஊசியும் ஒரே நாளில் போடலாம். தவறினால் நான்கு வாரம் இடைவெளி விடவேண்டும். அட்டையில் ஊசியின் பெயர், தேதி, டாக்டர் முத்திரை ஆங்கிலத்தில் தெளிவாக இருக்கட்டும். இங்கே வந்தபின் அந்த விவரத்தைப் பொதுச் சுகாதார அலுவலகத்தில் பெற்றோர்தான் பதிய வேண்டும், டாக்டர் பதியமாட்டார். பதியாமல் விட்டால் பிள்ளையை 20 பள்ளி நாட்கள் வரை வகுப்புக்கு வரவேண்டாம் என்று சொல்ல முடியும்.

வீட்டுக்காரர் ஆறு மாத வாடகை முன்பணம் கேட்கிறார். இன்னும் ஊரிலிருந்தே கிளம்பவில்லை. அனுப்பலாமா? (சேலம் வாசகர்)

அனுப்பவே கூடாது. வீட்டைப் பார்க்காமல் பணம் அனுப்பி, வந்து இறங்கினால் அந்த முகவரியில் வேறு குடும்பம் இருக்கும். பிள்ளைகளையும் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு தெருவில் நிற்கும் நிலை யாருக்கும் வரவேண்டாம். முதல் நான்கு முதல் ஆறு வாரத்துக்குத் தற்காலிகத் தங்குமிடம் போட்டு, நேரில் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.

சட்டப்படி முதல் மாத வாடகையோடு கடைசி மாதத்துக்கான ஒரு மாத டெபாசிட் மட்டும் கேட்கலாம். சேதத்துக்கென்று தனி டெபாசிட் கேட்க முடியாது. கனடாவில் கடன் வரலாறு இல்லாததால்தான் பயப்படுகிறார்கள். வேலை நியமனக் கடிதம், வங்கி இருப்புச் சான்று, பழைய வீட்டுக்காரரின் கடிதம் மூன்றையும் ஒரே ஃபைலாகக் கொடுங்கள். பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதற்காக வீடு மறுப்பது மனித உரிமைச் சட்டத்துக்கு எதிரானது.

கேட்க மறக்கக்கூடாத ஒன்று, இந்த வீட்டில் முதன்முதலில் ஆள் குடியேறியது எப்போது என்பது. 2018 நவம்பர் 15க்குப் பிறகு என்றால் வருடாந்திர வாடகை உயர்வுக்கு அரசு வரம்பு பொருந்தாது. பளபளவென்ற புது கான்டோவில் (அடுக்குமாடிக் குடியிருப்பில்) அடுத்த வருடம் வாடகையை 300 டாலர் ஏற்றினாலும் கேட்க முடியாது. கட்ட முடியாமல் இடம் மாறினால் பிள்ளைக்குப் பள்ளியும் மாறும்.

மான்ட்ரியலில் வேலை கிடைத்திருக்கிறது. டேகேர் அங்கே மலிவாமே? (புதுச்சேரி வாசகர்)

மான்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில், மானியம் பெறும் டேகேரில் நாளைக்கு 10 டாலருக்குள்தான். ஆனால் பி.ஆர். பெற்றவர்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் பிரெஞ்சு வழியில்தான் படிக்க வேண்டும். தற்காலிக பெர்மிட் என்றால் மூன்று வருடம் வரை ஆங்கிலப் பள்ளிக்கு அனுமதி கிடைக்கலாம். மருத்துவக் காப்பீட்டுக்கும் அங்கே மூன்று மாதம் வரை காத்திருப்பு உண்டு, ஒண்டாரியோவில் 2020 முதல் அது இல்லை. பிள்ளைக்கு 3, 4 வயது என்றால் தயங்காதீர்கள், ஒரே வருடத்தில் பிரெஞ்சு ஒட்டிக்கொள்ளும். 12 வயதுப் பிள்ளையை அங்கே கொண்டுபோகும் முன் அந்தப் பிள்ளையிடமே பேசுங்கள்.

ஊரில் வாங்கிய கார் சீட்டைக் கொண்டுவரலாமா? (ஈரோடு வாசகி)

வேண்டாம். கனடாவின் தேசியப் பாதுகாப்பு முத்திரை இல்லாத சீட்டை இங்கே பயன்படுத்த முடியாது. வந்து புதிதாக வாங்குங்கள், பழையது வேண்டாம். வாங்கும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள், சீட்டின் அடியில் அச்சிட்டிருக்கும்.