கடவுச்சொல்லில் குற்றமில்லை

கேள்வி: கல்லூரி விரிவுரையாளர் நான். என் மடிக்கணினியில் இருப்பது விண்டோஸ் 7. கல்லூரி வைஃபையில் அவரவர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழைய வேண்டும். கைப்பேசியில் உடனே இணைகிறது. மடிக்கணினியிலோ கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது. அணைத்து எடுத்தால் தேதியும் 2010க்குப் போய்விடுகிறது. சான்றிதழைச் சரிபார்க்கும் டிக்கை எடுத்துவிட்டால் இணைந்துவிடும் என்கிறார் சக ஆசிரியர். எடுக்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அந்த டிக்கில் கை வைக்காதீர்கள், அம்மா. கல்லூரி வளாக நெட்வொர்க்குகளைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் நான் பார்த்தவரை, அவசரத்தில் எல்லோரும் செய்வது இதைத்தான்.

கைப்பேசியில் இணைகிறது என்றால் கடவுச்சொல் சரியாகவே இருக்கிறது. இவ்வகை வைஃபையில் கல்லூரியின் ரேடியஸ் சர்வர், அதாவது பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்க்கும் கணினி, முதலில் தன் சான்றிதழைக் காட்டும். ‘நான் உண்மையான கல்லூரி சர்வர்தான்’ என்று காட்டும் அடையாள அட்டை அது. கணினி அதை ஏற்ற பிறகுதான் கடவுச்சொல்லுக்கே வேலை. உங்களுடையது அந்த முதல் படியிலேயே தடுக்கி விழுகிறது. காரணத்தைச் சொல்லாமல் விண்டோஸ் மறுபடியும் பெட்டியைத் திறக்கிறது.

முதல் சந்தேகம் தேதி மீது. 2010இல் நிற்கும் கணினிக்கு, சென்ற ஆண்டு வழங்கிய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. இணையத்திலிருந்து நேரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்றால், இணையத்துக்குப் போகவே இந்த வைஃபை வேண்டும். மதர்போர்டில் காசு அளவில் இருக்கும் பேட்டரி தீர்ந்திருக்கும். பெரும்பாலும் அது சிஆர்2032. சில மடிக்கணினிகளில் ஒயருடன் வரும், பழையதைக் கடைக்காரரிடம் காட்டி வாங்குங்கள். அதுவரை, இணைக்கும் முன் தேதியைக் கையால் திருத்துங்கள். ஆண்டையும் பாருங்கள், பலர் மணியை மட்டும் திருத்துகிறார்கள்.

தேதி சரியான பிறகும் மறுத்தால், அடுத்தது டிஎல்எஸ், அதாவது கணினியும் சர்வரும் ரகசியமாகப் பேசிக்கொள்ளும் முறை. விண்டோஸ் 7 வைஃபை நுழைவுக்கு வழக்கமாகப் பேசுவது டிஎல்எஸ் 1.0, இன்று பல சர்வர்கள் 1.2க்குக் குறைந்ததை ஏற்பதில்லை. 2014இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட 2977292 என்ற அப்டேட்டைப் போட்டு, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பையும் சேர்த்தால் இதுவும் 1.2 பேசும். அப்டேட் மட்டும் போதாது. ரெஜிஸ்ட்ரி வேலையை உங்கள் கல்லூரி நெட்வொர்க் பொறுப்பாளரிடம் விடுங்கள். சர்வரின் பதிவேடான லாகையும் அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். மறுப்பு கடவுச்சொல்லாலா, அதற்கு முந்தைய படியிலா என்று அதில் தெரிந்துவிடும்.

எடுக்க வேண்டிய டிக் வேறொன்று: விண்டோஸின் உள்நுழைவுப் பெயரையே தானாக அனுப்பும் தேர்வு. அது இருந்தால் கல்லூரி கொடுத்த பெயருக்குப் பதில் மடிக்கணினியில் நுழையும் பெயர் போகும்.

சான்றிதழ் டிக்கை ஏன் அப்படியே விடச் சொல்கிறேன்? அதை எடுத்துவிட்டால், கல்லூரி வைஃபையின் பெயரையே வைத்து எதிர்க்கடையில் ஒருவர் கருவி வைத்தாலும் உங்கள் கணினி நம்பிவிடும். இவ்வகை வைஃபையில் கடவுச்சொல்லைச் சரிபார்க்கப் பெரிதும் பயன்படும் எம்எஸ்சாப் வி2 முறையில் போகும் கடவுச்சொல்லை உடைக்கும் வழி 2012லேயே பகிரங்கமாகிவிட்டது. மதிப்பெண் பதிவேற்றத்துக்கும் அதே கடவுச்சொல்தான் என்றால், போவது உங்கள் இணையம் மட்டுமல்ல, மாணவர்களின் மதிப்பெண்ணும்தான்.

விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14இல் முடிந்துவிட்டது. மடிக்கணினியில் 4 ஜிபி ராம் இருந்தால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம். முதலில் பென் டிரைவிலிருந்து இயக்கி, கல்லூரி வைஃபையில் இணைகிறதா என்று பார்த்துவிட்டு நிறுவுங்கள்.