வண்டிக் கேள்விகள்: பழைய எம்ஜிபிக்கு இன்னொரு பிரேக் லைட்

கேள்வி: அண்ணா, வணக்கம். அப்பா விட்டுச்சென்ற 1966 எம்ஜிபி ரோட்ஸ்டர் என்னிடம் இருக்கிறது. சிங்கப்பூரின் கிளாசிக் வாகனத் திட்டத்தில் இருப்பதால் வருடத்துக்கு 45 நாள்தான் சாலையில் எடுக்கலாம். போன மாதம் மழையில், அப்பர் புக்கிட் தீமா ரோட்டு சிக்னலில், பின்னால் வந்த லாரி ஒரு முழம் தள்ளித்தான் நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து, “உங்கள் பிரேக் லைட் எரிந்ததே தெரியவில்லை” என்றார். பம்பருக்குக் கீழே எல்இடி பட்டை ஒட்டி, டெயில் லைட் வயரில் சேர்த்துவிடலாம் என்கிறார் நண்பர். செய்யலாமா?
ஈசூன் வாசகர்

பதில்: தம்பி, கூடுதல் விளக்கு வேண்டியதுதான். ஆனால் நண்பர் சொல்லும் வழி வேண்டாம். டெயில் லைட்டுக்குப் போவது சிவப்பு வயர். விளக்கைப் போட்டால் இரவு முழுக்க அதில் மின்சாரம் இருக்கும். அதில் சேர்த்த பட்டை எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். நீங்கள் பிரேக் மிதித்தது பின்னால் வருபவருக்கு எப்படித் தெரியும்? பிரேக் லைட்டுக்குப் போவது பச்சையில் ஊதாக் கோடு போட்ட வயர். அதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இருக்கிற விளக்கை முதலில் பிரகாசமாக எரிய வையுங்கள். 45 நாள் ஓடி, மீதி 320 நாள் அடுக்குமாடி கார் நிறுத்தத்தில் நம்மூர் ஈரக்காற்றில் நிற்கிற வண்டி அது. பல்ப் ஹோல்டரின் பித்தளை பச்சை பூத்திருக்கும். அந்தக் காலத்துக் கார்களில் விளக்குக் கூடு பாடியைத் தொடும் இடம்தான் பெரும்பாலும் எர்த், அதாவது மின்சுற்று பாடி வழியாகப் பேட்டரியோடு சேரும் இடம். அங்கே துரு பிடித்தால் பல்புக்கு முழு வோல்ட் போகாது. 10 சதவீதம் வோல்ட் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். யாரையாவது பிரேக் மிதிக்கச் சொல்லி, மல்டிமீட்டரின் ஒரு முனையை ஹோல்டரிலும் மற்றதைச் சுரண்டிய பாடித் தகட்டிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டுப்போயிருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்து, கொஞ்சம் வாசலின் தடவி, ஹோல்டரிலிருந்து பாடிக்குத் தனியாக ஒரு கறுப்பு வயர் போட்டுவிடுங்கள்.

பல்பையும் கழற்றிப் பாருங்கள். ஒரே பல்பில் 21 வாட், 5 வாட் என்று இரண்டு இழை. தலைகீழாகப் போடக்கூடாது என்றுதான் அதன் பக்கவாட்டு முளைகளை ஏற்ற இறக்கமாக வைத்திருக்கிறார்கள். ஹோல்டர் தேய்ந்திருந்தால் தப்பாகவும் உள்ளே போய்விடும். அப்போது டெயில் லைட் 21 வாட்டில் எரியும், பிரேக் மிதித்தால் 5 வாட்தான் கூடும். லாரிக்காரர் சொன்னதைக் கேட்டதும் எனக்கு முதலில் இந்தச் சந்தேகம்தான் வந்தது.

சரி, கூடுதல் விளக்குக்கு வருவோம். பம்பருக்குக் கீழே வேண்டாம். உங்கள் வண்டியே தரையோடு தரையாகப் போவது. லாரியில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு உயரத்தில் இருப்பதுதான் படும். டிக்கி மூடியில் பிடித்துக் கட்டும் சாமான் தாங்கி எம்ஜிபிக்குக் கிடைக்கும். அதன் பின்கம்பியில் சிறிய சிவப்பு எல்இடி விளக்கு ஒன்றை மாட்டுங்கள். அப்பாவின் வண்டியில் ஓர் ஓட்டைகூடப் போட வேண்டியதில்லை, நாளைக்குக் கழற்றினால் சுவடே இருக்காது. எல்இடி இன்னொரு வகையிலும் உதவும். இழை பல்பைவிடச் சுமார் 0.2 விநாடி முன்னதாகப் பளிச்சிடும். 90 கிலோமீட்டர் வேகத்தில் அது 5 மீட்டர் தூரம்.

இனி சொல்வதை நிதானமாகப் படியுங்கள். 1967 வரை வந்த எம்ஜிபி பாசிட்டிவ் எர்த் வண்டி. இன்றைய கார்களில் பாடி நெகட்டிவ். உங்களுடையதில் பாடிதான் பாசிட்டிவ். இழை பல்புக்கு இது ஒரு பொருட்டில்லை, எல்இடி தலைகீழாகக் கொடுத்தால் எரியாது. ஆகவே எல்இடியின் பாசிட்டிவ் வயரைப் பாடியிலும் நெகட்டிவ் வயரைப் பச்சை-ஊதாவிலும் இணைக்க வேண்டும். விளக்கின் கூடு உலோகமாக இருந்து, அது உள்ளே நெகட்டிவோடு சேர்ந்திருந்தால், தாங்கியில் முறுக்கிப் பிரேக் மிதித்ததுமே ஷார்ட் ஆகும். பிளாஸ்டிக் கூடு உள்ளதாக வாங்குங்கள்.

உங்கள் வண்டியில் ஃபியூஸே இரண்டுதான். பச்சை வயர்களுக்கான ஃபியூஸ் ஒன்றிலேயே பிரேக் லைட், இண்டிகேட்டர், வைப்பர், பெட்ரோல் மீட்டர் எல்லாம். அந்த ஃபியூஸ் போனால் எல்லாம் சேர்ந்து போகும் என்பதை நான் ஈசிபி விரைவுச்சாலையில் கற்றுக்கொண்டேன். 1991இல் என் மிட்ஜெட் காருக்கு ஒரு பட்டறையில் பின்னால் இரண்டு விளக்கு மாட்டிக்கொண்டேன். டிக்கித் தகட்டு ஓட்டையில் ரப்பர் வளையம் போடாமல் வயரை இழுத்திருந்தார்கள். நானும் குனிந்து பார்க்கவில்லை. தகட்டு விளிம்பு மெல்ல மெல்ல வயரை அறுத்திருக்கிறது. டிசம்பர் மழை, ஃபோர்ட் ரோடு பக்கம், அறுந்த வயர் தகட்டைத் தொட்டு ஃபியூஸ் போக, ஒரே நொடியில் வைப்பரும் இண்டிகேட்டரும் பிரேக் லைட்டும் சேர்ந்து போய்விட்டன. கண்ணாடியில் தண்ணீர் தவிர ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் மனைவி, மடியில் இரண்டு வயது மகள். ஓரங்கட்டி நிறுத்திய பிறகும் வெகுநேரம் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

ஆகவே புது விளக்கின் வயரில் 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைத் தனியாகப் போடுங்கள். விளக்கில் கோளாறு வந்தால் அது மட்டும் போகட்டும். வயர் தகட்டைக் கடக்கும் ஒவ்வோர் இடத்திலும் ரப்பர் வளையம். இணைப்பைச் சாலிடர் வைத்து, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடுங்கள். வயரைக் கடித்துப் பிடிக்கும் கிளிப் நம்மூர் ஈரத்துக்குத் தாங்காது. இவை எல்லாம் சிம் லிம் டவரில் கிடைக்கும். எல்இடி இல்லாமல் இரண்டு 21 வாட் பல்புதான் மாட்டுவேன் என்றால் 3.5 ஆம்பியர் கூடுதலாகிவிடும். பிரேக் எண்ணெய்க் குழாயில் இருக்கும் பழைய சுவிட்ச் அதைத் தாங்காது, ரிலே (சிறு மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச்) கட்டாயம். வேலை தொடங்கும்போது சீட்டுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளின் இணைப்பைக் கழற்ற மறக்காதீர்கள்.

எதை வாங்குவதற்கு முன்பும் விளக்கின் படத்தையும் மாட்டப்போகும் இடத்தையும் நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு எழுதி அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கி வண்டியிலேயே வையுங்கள்.

கேள்வி: என் 1972 ஸ்பிட்ஃபயர் காரில் இண்டிகேட்டர் பல்புகளை எல்லாம் எல்இடியாக மாற்றினேன். இப்போது சிமிட்டவே மாட்டேன் என்கிறது. வயரிங் கெட்டுவிட்டதா?
உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: வயரிங் கெடவில்லை அம்மா. இண்டிகேட்டரைச் சிமிட்ட வைக்கும் பழைய ஃபிளாஷர், பல்பு இழுக்கும் மின்சாரத்தின் சூட்டில் வளைந்து நிமிர்ந்துதான் விட்டுவிட்டுக் கொடுக்கும். எல்இடி இழுக்கும் மின்சாரம் அதைச் சூடாக்கப் போதாது. எல்இடிக்கான எலக்ட்ரானிக் ஃபிளாஷர் ஒன்றை வாங்கி மாற்றுங்கள். மாற்றியதும் கடிகாரத்தை வைத்து எண்ணுங்கள், நிமிடத்துக்கு 60இலிருந்து 120க்குள் சிமிட்ட வேண்டும். பின்பக்க இண்டிகேட்டர் விளக்கின் மூடிக்கு உள்ளே வெள்ளை எல்இடி போட்டிருந்தால் அதையும் எடுத்துவிட்டு ஆரஞ்சு நிற எல்இடியைப் போடுங்கள். பகல் வெயிலில் அதுதான் தெளிவாகத் தெரியும்.