கீமோ நாள்களில் உங்கள் தூக்கமும் முக்கியம்

கேள்வி: என் கணவருக்குப் பெருங்குடல் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசியும் அதையொட்டி 14 நாள் மாத்திரையுமாக கீமோ நடக்கிறது. காய்ச்சல் வந்துவிடுமோ என்று இரவில் நாலைந்து முறை எழுந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். ஊசி போட்ட மறுநாளிலிருந்து எடுத்ததற்கெல்லாம் எரிந்துவிழுகிறார். வேலைக்கும் போகிறேன். மாமியார், நாத்தனார், ஊரில் சித்தப்பா என்று எல்லாருக்கும் நிலவரம் சொல்லியே ஓய்ந்துபோகிறேன். எல்லாரும் "தைரியமா இரு" என்கிறார்கள். இதெல்லாம் எப்போது முடியும் என்று சில நேரம் தோன்றுகிறது. உடனே குற்ற உணர்வு குத்துகிறது.
- பெயர் வேண்டாம், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: அந்த எண்ணத்துக்காக உங்களையே நொந்துகொள்ளாதீர்கள், சகோதரி. முடிய வேண்டும் என்று நீங்கள் ஏங்குவது இந்த அலைச்சல்தான். புற்றுநோயாளியைப் பார்த்துக்கொள்ளும் எத்தனையோ பேருக்கு இந்த நினைப்பு வந்து போகிறது. அதனால் பாசம் குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

தூக்கமே இல்லாமல் தைரியம் எங்கிருந்து வரும்? இரவை முதலில் சரிசெய்வோம். ஊசிக்குப் பின் சுமார் 7 முதல் 14 நாளுக்குள், கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் பெரும்பாலும் மிகவும் இறங்கும். உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் கையால் தொட்டுக் காய்ச்சலைக் கண்டுபிடிக்க முடியாது. டிஜிட்டல் தெர்மாமீட்டரால் படுக்கும்முன் ஒருமுறை, காலையில் ஒருமுறை, உடம்பு சரியில்லை என்று அவர் சொல்லும்போது ஒருமுறை பாருங்கள். சூடாகக் குடித்த உடனே வாயில் வைத்தால் அளவு தப்பும். அரைமணி நேரம் பொறுங்கள்.

38 டிகிரி செல்சியஸ் வந்தால் உடனே புறப்பட வேண்டும். உங்கள் தாதி வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான்: பனடால் கொடுத்துவிட்டு, விடியட்டும் என்று காத்திருப்பார்கள். மாத்திரை சூட்டை மட்டும் இறக்கும். கிருமித்தொற்று உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும். அவசரப் பிரிவுக்குப் போனதும் முதல் வார்த்தையாக "கீமோ எடுப்பவர், காய்ச்சல்" என்று சொல்லுங்கள். காய்ச்சல் இல்லாமல் குளிர் நடுக்கம் மட்டும் வந்தாலும் போக வேண்டியதுதான். அடையாள அட்டை, மருந்துப் பட்டியல், சார்ஜர், மாற்றுத்துணி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வாசல் பக்கம் வையுங்கள். நடுங்கினால் உங்களை எழுப்பச் சொல்லிவிட்டுப் படுங்கள்.

அடுத்து, அவருடைய கோபம். வாந்தி வராமலிருக்க ஊசியோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பது வழக்கம். பலருக்கு அடுத்த இரண்டு மூன்று நாளுக்கு மாத்திரையாகவும் தருவார்கள். அது தூக்கத்தைக் கெடுக்கும், எரிச்சலைக் கிளப்பும். நிறுத்தியதும் சோர்வும் மனச்சோர்வும் வரலாம். அவருடைய மருந்துப் பையில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், காலை உணவோடு கொடுக்கலாமா, அளவைக் குறைக்க வழியுண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அவர் கத்திய நாளையும் நேரத்தையும் நாள்காட்டியில் குறித்துவைத்தால், மருந்து நாள்களோடு பொருந்துகிறதா என்று தெரிந்துவிடும். பொருந்தினால், அந்த நாள்களில் பணம், பிள்ளைகள் படிப்பு போன்ற பேச்சைத் தள்ளிவையுங்கள். பொருந்தவில்லை என்றால் அவருடைய மனநிலையையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஃபோன் விஷயம் எளிது. நாத்தனாரையே பொறுப்பாக்குங்கள். நீங்கள் அவருக்கு மட்டும் சொல்ல, அவர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடட்டும். "ஏதாவது வேணும்னா சொல்லு" என்பவர்களிடம் நாள், நேரம், வேலை மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: "செவ்வாய் சாயங்காலம் ஆறு மணிக்கு நாலு பேருக்கு ரசம், சாதம் கொண்டுவர முடியுமா?" இப்படிக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

வேலையிடத்தில் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். 2024 டிசம்பர் 1 முதல் நடப்பிலுள்ள முத்தரப்பு (அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம்) வழிகாட்டிப்படி முதலாளி இரண்டு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். ஊசி நாள்கள் முன்கூட்டியே தெரியும் என்பதால், அந்த நாளும் அடுத்த இரண்டு நாளும் வீட்டிலிருந்து வேலை என்று தேதி போட்டே கேளுங்கள்.

பணத்துக்கும் ஆறுதலுக்கும் மருத்துவமனையின் மருத்துவச் சமூக சேவையாளரைப் பாருங்கள். அரசாங்கத்தின் இல்லப் பராமரிப்பு மானியம், குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது போன்ற 6 அன்றாடச் செயல்களில் குறைந்தது 3க்கு நிரந்தரமாக உதவி தேவைப்படுவோருக்கானது. கீமோ சோர்வு அதில் சேராது என்பதால் அதை நம்பி இருந்துவிடாதீர்கள். 1964 முதல் இயங்கும் சிங்கப்பூர் புற்றுநோய்ச் சங்கத்தில் பராமரிப்பாளர்களுக்கும் ஆலோசனை உண்டு. கணவர் வராவிட்டாலும் நீங்கள் பேசலாம்.

இரவை ஒழுங்குபடுத்திய பிறகும் இரண்டு வாரமாகத் தூக்கம் வராமல், தினமும் அழுகை வந்து, சாப்பாடும் பிடிக்காமல் போனால், உங்களுக்காகவே ஒரு மருத்துவரைப் பாருங்கள். மனம் விட்டுப் பேச தேசிய மனநல உதவி எண் 1771ஐ அழைக்கலாம். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் ஒரு நிமிடமும் தள்ளிப்போடாமல் தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767ஐ அழையுங்கள். இரண்டு எண்களிலும் இரவு பகல் எந்நேரமும் ஆள் இருப்பார்கள்.